மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்: வடசென்னையில் ஓட ஆரம்பிப்பவர்களுக்கு

முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, மறுநாள் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கியவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். நான் இரண்டு கையும் தூக்குவேன். 38 வயதில், வீட்டில் தொப்பையைக் கிண்டல் செய்தார்கள் என்ற ரோஷத்தில் ஆரம்பித்த ஓட்டம் அது. ஒரு மாதத்தில் மூச்சு பழகிவிட்டது. ஆறாவது வாரம், தண்டையார்பேட்டையிலிருந்து நண்பர்களோடு கிளம்பி நிற்காமல் பத்து கிலோமீட்டர் ஓடினேன். மூச்சே வாங்கவில்லை, தலைகால் புரியாத சந்தோஷம். மூன்று நாள் கழித்து இடது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் விரலை வைத்தால் உயிர் போனது. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை, தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் தேய்த்துக்கொண்டே இன்னும் இரண்டு வாரம் ஓடினேன், அந்தப் புத்திசாலித்தனத்துக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் எலும்பில் மயிரிழை விரிசல் என்று தெரிந்தது. இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எட்டு வாரம் ஓட்டம் கட்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த எட்டு வாரத்தில் படித்ததும், அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்ததும்தான்.

ஏன் அப்படி ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும், இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளும். அடுத்த சில வாரங்களில் தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்களும், ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகும். அதனால்தான் மூச்சு சீக்கிரம் பழகுகிறது. எலும்பு அப்படி இல்லை. புதிய பாரம் விழுந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். அரிப்பதற்குச் சில வாரம் போதும், கட்டி முடிக்க மூன்று மாதம் போல ஆகும். நடுவில் இருக்கிற காலத்தில், பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதுச் சுவர் இன்னும் எழும்பாத நிலைமைதான் எலும்புக்கு. மூச்சு "போலாம் போலாம்" என்று சொல்கிற நான்காவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை ஆபத்து அங்கேதான். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்றால் அரை மணி நேரத்தில் 4,800 அடி, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன்

நெஞ்சில் இறுக்கம், மயக்கம், கொஞ்சம் நடந்தாலே மூச்சுத்திணறல், வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு, இதில் ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் ஓடாதீர்கள். பிரஷர் இருந்தாலும் அப்படியே. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்பதால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பாக்கெட்டில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ வைத்திருக்க வேண்டும்.

ஷூ விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை எல்லாம் நம்ப வேண்டியதில்லை. "உங்களுக்குத் தட்டைப் பாதம் சார், இந்த மாடல்தான் போடணும்" என்பார்கள். அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தார்கள், அதனால் காயம் குறையவில்லை. மாலையில், கால் கொஞ்சம் உப்பி இருக்கிற நேரத்தில் போய், ஓடும்போது போடுகிற சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், போட்ட நிமிடமே வசதியாக இருக்க வேண்டும். "போகப் போகப் பழகிடும்" என்பது செருப்புக்குச் சரி, ஓடுகிற ஷூவுக்குச் சரிப்படாது. 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும்.

எங்கே, எப்போது

தென்சென்னைக்காரர்களுக்கு பெசன்ட் நகர், மெரினா என்று விரித்துப் போட்டிருக்கிறது. நமக்கு எண்ணூர் விரைவுச்சாலை இருக்கிறது, ஆனால் அதில் கன்டெய்னர் லாரிகளும் இருக்கின்றன. இருட்டில் லாரி டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள், தயவுசெய்து அந்தச் சாலையில் விடிவதற்கு முன் ஓடாதீர்கள். கடற்கரை மணலில் ஓடலாம் என்றால், காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகிற கரையில் பல இடங்களில் கடல் அரிப்புக்குப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணல் கிடைத்தாலும், பொதபொதவென்ற மணலில் ஓடக் கெட்டித் தரையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும், குதிகாலுக்கும் வேலை அதிகம். ஆரம்பத்தில் வேண்டாம்.

பிறகு என்னதான் வழி? பூங்காதான். பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா, ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா, இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மாநகராட்சி விளையாட்டுத் திடல். சுற்றிச் சுற்றி வருவது சலிப்புதான், ஆனால் லாரியும் இல்லை, குழியும் இல்லை, தண்ணீர் பாட்டிலை ஒரு பெஞ்சில் வைத்துவிடலாம். ஒரே பக்கமாகச் சுற்றாமல் பாதியில் திசையை மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு காலே எல்லாவற்றையும் வாங்காமல் இருக்கும். பெண்கள் தனியாக இருட்டில் ஓடுவதைவிட இரண்டு மூன்று பேராகச் சேர்வது நல்லது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஊர் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், நின்றுவிடுங்கள், பிறகு மெதுவாக நடங்கள். ஓடினால்தான் அதற்கு விளையாட்டு.

காற்று விஷயமும் உண்டு. மணலி, எண்ணூர் பக்கம் ஆலை வாடை தூக்கலாக இருக்கிற நாளில் நான் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்துவிட்டு விடுவேன். பனிக்கால விடியலில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கிவிடும். போகி அன்றைக்கு ஓடினால் இரண்டு நாள் இருமல் நிச்சயம், அன்றைக்குத் தூங்குங்கள்.

முதல் பன்னிரண்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள், அதிகம் போனால் நான்கு. இடையில் ஒரு நாளாவது விட்டுத்தான் ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு முன் காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஸ்ட்ரெச்சிங்கால் காயம் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, பிடித்தால் முடித்தபிறகு செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. மூன்றாவது, நான்காவது வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஏழு முறை. ஐந்தாவது, ஆறாவது வாரம் மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு முறை. இந்த ஐந்து, ஆறில்தான் "நமக்கெல்லாம் இது ஜுஜுபி" என்று தோன்றும், நான் பத்து கிலோமீட்டர் ஓடியதும் அப்போதுதான், மேலே படித்தீர்கள். ஏழு, எட்டில் ஐந்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை, ஐந்து முறை. ஒன்பது, பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம், மூன்று முறை. பதினொன்றில் பதினைந்து நிமிடமாக இரண்டு முறை, நடுவில் இரண்டு நிமிடம் நடை. பன்னிரண்டாவது வாரம் நடுவில் நடக்காமல் முப்பது நிமிடம். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதையே திரும்பச் செய்யுங்கள், யாரும் பரீட்சை வைக்கவில்லை.

வேகம் எவ்வளவு? வாட்ச் தேவையில்லை, கானா போதும். ஓடிக்கொண்டே பாடுங்கள். ஒரு வரி பாடி ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் சரியான வேகம். நாலு வரியும் தாளத்தோடு நிற்காமல் வந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். இரண்டு சொல்லிலேயே முட்டினால் குறையுங்கள். பாட வெட்கமாக இருந்தால் பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்றைய மேட்சைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள், அதே சோதனைதான். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு என்று ஒரு கணக்கு எல்லா ஜிம் சுவரிலும் ஒட்டியிருக்கும். 2001இல் வந்த இன்னொரு கணக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதுக்கு இரண்டுமே 180 என்றுதான் காட்டும், 60 வயதுக்கு 160, 166 என்று பிரியும். ஆனால் தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு அப்படி இப்படி மாறுவது சகஜம், அதனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

உலகத்தரம் வாய்ந்த ஓட்டக்காரர்கள்கூடப் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கை இப்படிப் பேசிக்கொண்டே ஓடுகிற மெதுவான வேகத்தில்தான் செய்கிறார்கள். நாம்தான் தினமும் பந்தயம் வைக்கிறோம்.

முப்பது நிமிடம் கைக்கு வந்தபிறகு தூரத்தைக் கூட்டும்போது, "வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே" என்று எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை இந்தப் பத்து சதவீத முறையில் மெதுவாக ஏற்றினார்கள். இரண்டு குழுவிலும் ஐந்தில் ஒருவர் அடிபட்டார், வித்தியாசமே இல்லை. 2025இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் ஓடியவர்களுக்குத்தான் காயம் கூடியது. வாரக் கணக்கைவிட அந்த ஒற்றை நாள் ஆசைதான் காலை வாரிவிடுகிறது. நீங்கள் போன மாதம் அதிகபட்சம் 5 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அடுத்தது ஐந்தரை. நண்பர்கள் எட்டு போகிறார்களா, போய்ட்டு வரட்டும், நீங்கள் டீக்கடையில் காத்திருங்கள்.

முழங்கால் வலிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வழி: அடியைக் குட்டையாக்கி, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்களோ அதை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டுங்கள். அதே வேகம்தான், ஆனால் முட்டியில் விழுகிற பாரம் குறையும். என் அனுபவத்தில் இதற்கு இரண்டு வாரம் அசடு வழிய ஓட வேண்டியிருக்கும், அப்புறம் பழகிவிடும்.

படிக்கட்டும் தண்ணீர் கேனும்

வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் பலப் பயிற்சி. ஜிம் வேண்டாம். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்கி, மெதுவாக ஏற்றுங்கள். முதலில் இரண்டு காலால் 15 முறை, பிறகு ஒற்றைக் காலால். முட்டியை நேராக வைத்து ஒரு சுற்று, கொஞ்சம் மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்யும்போது ஆடுசதைக்கு அடியில் இருக்கிற இன்னொரு தசை வேலை செய்யும், ஓட்டத்தில் அதிகப் பாரம் தாங்குவது அதுதான். அடுத்தது உட்கார்ந்து எழுவது, 20 லிட்டர் தண்ணீர் கேன் நிறைய இருந்தால் 20 கிலோ, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யலாம் (முதுகு நேராக, முதல் மாதம் கேன் இல்லாமல்). மல்லாந்து படுத்து ஒரு காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது பின்தொடைக்கு. போதும்.

வடசென்னை தோசைக்கல் மாதிரி சமதரை. மேடு ஏறிப் பழக வேண்டுமென்றால் மேம்பாலம்தான், அதுவும் நடப்பவர்களுக்கு ஓரம் இருக்கிற பாலமாகப் பார்த்து, வெளிச்சம் வந்தபிறகு.

சாப்பாடு

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 300. ஓடிவிட்டு வந்து இரண்டு பூரி, ஒரு வடை, சர்க்கரை போட்ட காபி என்று உட்கார்ந்தால் கணக்கு முடிந்தது. எடை குறையவில்லையே என்று கேட்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்கு ஸ்பெஷலாக ஒன்றும் வேண்டாம். வெறும் வயிற்றில் தலை சுற்றினால் ஒரு வாழைப்பழம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் வழியில் சாப்பிட வேண்டிய தேவை வருகிறது, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் போல இருக்கும். தசைக்கும் ஈரலுக்கும் சேர்த்துச் சேமித்து வைக்க முடிந்த மாவுச்சத்தே சுமார் 500 கிராம்தான், அதனால்தான் மாரத்தானில் 30 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் பலருக்குக் கால் சிமெண்ட் மூட்டை ஆகிறது.

நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவு சோறு, இட்லி, இடியாப்பம், எது வயிற்றுக்குப் பழக்கமோ அது. அன்றைக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) பேஜோவும் எண்ணெய் சொட்டச் சொட்டச் சாப்பிட்டுவிட்டு விடியலில் ஓடிய ஒரு நண்பர் இருக்கிறார். அவர் நான்காவது கிலோமீட்டரில் எந்த டீக்கடைக்காரரிடம் கழிப்பறை இருக்கிறதா என்று கெஞ்சினார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அத்தோவை ஓடி முடித்த நாள் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புரதம் ஓடுகிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும், 60 கிலோவுக்கு 72 முதல் 96. டப்பா பவுடருக்கு முன்னால் காசிமேட்டைப் பாருங்கள். கவளையும் நெத்திலியும் வஞ்சிரம் விலையில் இல்லை, 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம், நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும். சைவம் என்றால் சுண்டல், மீல் மேக்கர், பருப்பு, தயிர். ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை டீ உள்ளே விடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் விடும். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் களைப்பாக இருந்தால், முக்கியமாகப் பெண்கள், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். ஓட்டத்தைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைத்ததில் மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றாலோ "ஓடுறதால அப்படித்தான்" என்று விடாதீர்கள், உடம்புக்குச் சக்தி பற்றவில்லை என்று அர்த்தம், எலும்பு விரிசலுக்கு அது நேர் வழி.

ஹார்பரிலோ கம்பெனியிலோ நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் அப்படியே ஷூவை மாட்டாதீர்கள். முதலில் தூக்கம்.

வியர்வை

நம்மூரில் விடியற்காலை சூடு குறைவு, ஆனால் ஈரப்பதம் அதிகம். வியர்வை சொட்டுவதால் உடம்பு குளிராது, அது காய்ந்தால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எங்கே காய்வது? அதனால் ஏப்ரல், மே மாதங்களில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் கூடினாலும் வருத்தப்படாதீர்கள். கானா சோதனையை மட்டும் விடாதீர்கள். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஊருக்கு வெளியே குளுகுளுவென்று இருந்துவிட்டு வந்தவர்கள் அந்த இரண்டு வாரம் பாதி ஓட்டம் ஓடினால் போதும்.

தண்ணீர் தாகத்துக்குக் குடிக்கலாம். "குடி குடி" என்று வயிறு குலுங்கக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. உங்கள் கணக்கு தெரிய வேண்டுமானால் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள். என் கறுப்பு டீ-ஷர்ட் காய்ந்தால் முதுகில் வெள்ளையாகக் கோடு கோடாக உப்புப் படிந்திருக்கும், அந்த மாதிரி ஆட்களுக்கு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உப்புப் போட்ட மோரோ, பழைய சோற்று நீராகாரமோ அமிர்தம். ஓஆர்எஸ் என்றால் பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு தண்ணீரில் முழுவதையும் கலக்க வேண்டும், வீட்டில் செய்தால் ஒரு லிட்டருக்கு ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கூட ஓடுகிறவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்கு இழுத்துப் போய் 108க்கு ஒருவர் போன் செய்ய, மற்றவர்கள் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைத்து, விசிறிக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடங்களில் குளிர வைப்பதுதான் உயிரைக் காக்கும். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எந்த வலி, எந்த வேலை

தொடையும் ஆடுசதையும் மொத்தமாக வலித்து, இரண்டு நாளில் போனால் அது புதிதாக வேலை செய்த வலி. கவலை வேண்டாம்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியில் குதிகாலுக்கு அடியில் ஆணி குத்தினாற்போல் இருந்தால், பாதத்தின் அடிச்சவ்வு கோளாறு. குதிகாலுக்குப் பின்னால் விறைப்பு என்றால் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டுகிற நார், நாம் எல்லாவற்றையும் "நரம்பு" என்றே சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டுக்கும் முழு ஓய்வைவிட ஓட்டத்தைக் குறைத்து, மேலே சொன்ன படிக்கட்டுப் பயிற்சியை மெதுவாகச் செய்வது பலன் தரும். பத்துக்கு மூன்று மார்க் அளவு வலி, மறுநாள் காலைக்குள் தணிந்துவிடுகிறது என்றால் தொடரலாம். நாளுக்கு நாள் ஏறினால் நிறுத்துங்கள்.

எலும்பு வேறு. ஒற்றை விரலால் "இங்கேதான்" என்று காட்ட முடிகிற வலி, ஒற்றைக் காலில் நொண்டி குதித்தால் சுருக்கென்று ஏறுகிற வலி, இரவில் படுத்தபிறகும் விண்விண் என்கிற வலி, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். எக்ஸ்ரே சுத்தம் என்று சொன்னாலும் எலும்பு டாக்டரிடம் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். தொடையும் இடுப்பும் சேர்கிற இடுக்கில் ஆழமாக வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது, தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் முழு முறிவாக மாறினால் ஆபரேஷன் வரை போய்விடும். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடுவது வலியை மறைத்துவிட்டுக் காயத்தை வளர்க்கும், தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

முப்பது நிமிடம் ஓட வந்தபிறகு முதல் பந்தயமாக 5 கிலோமீட்டர் போடுங்கள், பத்துக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். அரை மாரத்தான் 21.1, முழுசு 42.195, அதெல்லாம் அடுத்த வருடக் கதை. அன்றைக்குப் புது ஷூ, புது சாக்ஸ், ஓடும்போது சாப்பிடப் புதிதாக வாங்கிய ஜெல் எதுவும் கூடாது. தொடை உரசுகிறவர்கள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள், ஆண்கள் மார்க்காம்பிலும். முதல் கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும், கானா ஒரு வரி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். நெஞ்சில் குத்துகிற நம்பர் அட்டைக்கு ஊக்கு நாலு வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே தீர்ந்துவிடும்.